பதினேழாம் நாள் வந்த அழைப்பு
(ஜேர்மனியில் ஒரு தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

சபைத் தலைவர் ஐயா அவர்களே, நகரபிதாவின் சார்பில் வந்திருக்கும் அம்மையாரே (தமிழ் விளங்காமலே ஒரு மணித்தியாலமாகப் பொறுமையாக இருக்கிறார், அவருக்கு ஒரு கைதட்டல்), ஆலயப் பரிபாலன சபையினரே, தமிழ்ப் பாடசாலை அதிபர் அவர்களே, பொன்னாடை போர்த்திய செயலாளர் தம்பியே, பின்னால் வடை சுடுவதால் சபைக்கு வர முடியாத அக்காமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

எரிசக்தி பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விடயம் சொல்வேன். நாடுகள் எரிவாயுவுக்குப் பேரம் பேசுவது எப்படி, அதை அரச கொள்கையாக்குவது யார், பேரம் பேசியவர்களே பிறகு கம்பனிகளுக்கு ஆலோசகராகப் போவது எப்படி. மூன்றையும் ஒரே ஆளில் காட்டலாம். இந்நாட்டு அரசாங்கத்துக்குத் தலைவராக இருந்த முன்னாள் சான்சலர் கெர்ஹார்ட் ஷ்ரோடர். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் விடுவானா என்று ஊரில் கேட்பார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

2005 செப்டம்பர் 8. பேர்லினில் ரஷ்ய அரசின் எரிவாயுக் கம்பனி காஸ்ப்ரோமும், ஜேர்மன் கம்பனிகளான பாஸ்ஃப், ஈ.ஓன் இரண்டும், ரஷ்ய வாயுவை இங்கே கொண்டுவரும் பால்டிக் கடலடிக் குழாய்க்குக் கையெழுத்திடுகின்றன. புட்டினும் ஷ்ரோடரும் அங்கே நிற்கிறார்கள். தேர்தலுக்குப் பத்தே நாள்! எந்த அரசாங்கமும் அந்த நேரத்தில் பெரிய முடிவை ஒத்திப்போடும். இவர் ஒத்திப்போடவில்லை. தேர்தலில் மயிரிழையில் தோற்றார். சரி, தோற்ற பிறகாவது சும்மா இருந்தாரா? பதவியில் இருந்த கடைசி வாரங்களில் அவருடைய அரசாங்கம் அந்தத் திட்டத்துக்காக 100 கோடி யூரோ கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. அந்த உத்தரவாதம் பயன்படவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். நவம்பர் 22இல் மெர்கல் அம்மா புதிய சான்சலராகப் பதவியேற்கிறார். டிசம்பர் 9 இரவு ஷ்ரோடரின் கைத்தொலைபேசி அடிக்கிறது. யார்? புட்டின். குழாய்க் கம்பனியில் பங்குதாரர் குழுவுக்குத் தலைவராக வரச் சொல்கிறார். இவர் தயங்க, எங்களிடம் வேலை செய்யப் பயமா என்று பகிடியாகக் கேட்டாராம். இதை ஷ்ரோடரே பின்னாளில் நிருபரிடம் சொன்னார். பதவி விட்டுப் பதினேழே நாள். எங்கள் வீட்டில் செத்தவீடு நடந்தால் அந்தியேட்டிக்கே முப்பத்தொரு நாள் பொறுக்கிறோம்! சிரியுங்கள், பரவாயில்லை. அவர் சம்மதித்தார். தேன் எடுத்தவன்... மிச்சம் நீங்களே சொல்லுங்கள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரோத்ஷைல்ட் வங்கிக்கு ஆலோசகர், 2017இல் ரஷ்யாவின் ரொஸ்நெஃப்ட் எண்ணெய்க் கம்பனிச் சபைத் தலைவர். 1,224 கிலோமீற்றர் குழாயில் 2011இல் வாயு ஓடத் தொடங்கியது. 2021இல் இந்த நாடு இறக்குமதி செய்த எரிவாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவினது. 2022 மே மாதம்தான் அவர் ரொஸ்நெஃப்டை விட்டார். உக்ரைன் போரோடு ரஷ்ய வாயு வராமல் போன அந்தக் குளிர்காலம் மறந்திருக்காது. அரச கந்தோர்களில் 19 பாகைதான் என்று சட்டம். எங்கள் வீட்டில் ஹீற்றர் திருகை மூன்றிலிருந்து ஒன்றுக்கு இறக்கிவிட்டு, ஜம்பரோடு சோறு சாப்பிட்டோம். வாயுக் கட்டண மீள்கணக்கு வந்த கடிதத்தை என் மனைவி இன்னும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்.

தலைவர் ஐயா மணிக்கூட்டைப் பார்க்கிறார். கொள்கை பற்றிய இரண்டாவது விடயத்தைத் தேநீருக்குப் பிறகு தனியே கேளுங்கள், சொல்கிறேன். நான் முக்கியமாகப் பேச வந்தது மூன்றாவதைத்தான், கம்பனிகளுக்கு ஆலோசகராகப் போவதை.

2015இல் இங்கே ஒரு சட்டம் வந்தது. அமைச்சர் பதவி விட்டவர் தனியார் வேலைக்குப் போவதை அரசாங்கம் 12 மாதம், மிஞ்சிப்போனால் 18 மாதம் தடுக்கலாம். தடுக்கலாம், அவ்வளவுதான். தடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. தடுப்பதா விடுவதா என்று முடிவெடுப்பது நேற்றுவரை பக்கத்துக் கதிரையில் இருந்தவர்கள். அவர்கள் தேனையும் பார்ப்பார்கள், புறங்கையையும் பார்ப்பார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அனுபவசாலிகளைப் பூட்டி வைக்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் எரிசக்தித் தூதராக இருந்த ஏமஸ் ஹொக்ஸ்டீன் அரசில் இருந்து டெலூரியன் வாயுக் கம்பனிக்குப் போய், மறுபடி அரசுக்கு வந்து, 2022இல் லெபனான், இஸ்ரேல் கடல் எல்லையைப் பேசி முடித்தார். கெட்டிக்காரர், மறுக்கவில்லை. கெட்டிக்காரர் என்பதற்காகத்தானே கம்பனிகள் தேடுகின்றன? எரிசக்தித் துறைக்கு ஐந்து வருடத் தடை வேண்டும். அது தானாகவே அமுலாக வேண்டும். ஆலோசனை ஒப்பந்தங்கள் பகிரங்கமாக வேண்டும்.

இதைக் கேட்டு மனுவில் கையெழுத்திட வாசலில் மேசை போட்டிருக்கிறோம். பாராளுமன்றத்துக்கு மனு அனுப்ப இந்நாட்டுக் குடியுரிமை தேவையில்லை, விசாவில் இருப்பவர்களும் போடலாம். முகவரியை விளங்கும்படி எழுதுங்கள், போன முறை பாதிப் பேருடையது வாசிக்க முடியவில்லை. பேனை கட்டித்தான் வைத்திருக்கிறோம், கொண்டு போகாதீர்கள். நன்றி, வணக்கம்.