பனிக்கால முன்னரங்கிலிருந்து மனைவிக்கு: ஒரு கடிதம் கடந்த கைகள்

(கிளிநொச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

போர்முனையிலிருந்து கணவன் எழுதிய கடிதம் என்றதும், அது இரண்டு பேருக்குள் நடந்த பேச்சு என்று நினைத்துவிடுகிறோம். வன்னியில் இருக்கிற நாங்கள் அப்படி நினைக்கக் கூடாது. ஐ.சி.ஆர்.சி. (சர்வதேச செஞ்சிலுவைக் குழு) படிவத்தில் குடும்பச் செய்தி மட்டும்தான் எழுதலாம், இடையில் வேறு ஆட்கள் வாசிப்பார்கள் என்று தெரிந்துகொண்டே எழுதியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். முதலாம் உலகப் போரில் இந்தியச் சிப்பாய்கள் அனுப்பிய 1914ஆம் ஆண்டுப் பனிக்காலக் கடிதங்களை வாசிக்க உங்களைவிடத் தகுதியானவர்கள் குறைவு.

அந்த ஆண்டு செப்டெம்பர் கடைசியில் பிரித்தானிய இந்தியப் படையின் லாகூர், மீரட் டிவிசன்கள் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கின. பலர் பருத்திக் காக்கி உடுப்போடு வந்தவர்கள். குளிருடுப்பு பிந்தித்தான் வந்தது. வட பிரான்சின் கிவென்ஷி, பெஸ்துபேர் பக்கத்துப் பதுங்குகுழிகளில் சேற்றுத் தண்ணீர் நின்றது. கால் விறைத்துப் பழுதாகப் பனிக்கட்டி தேவையில்லை. ஈரமும் குளிரும் மணிக்கணக்காக நின்று, மேலே துணிப்பட்டியும் இறுகச் சுற்றியிருந்தால் இரத்த ஓட்டம் குறையும். பாதம் முதலில் மரக்கும், பிறகு வீங்கும், கவனிக்காவிட்டால் கறுத்து அழுகும். அப்படிப்பட்டவர்களில் பலர் இங்கிலாந்தின் பிரைட்டன் போன்ற ஊர்களின் ஆஸ்பத்திரிகளுக்குப் போனார்கள். எழுத நேரமும் எழுதிக் கொடுக்க ஆளும் அங்கே கிடைத்தார்கள்.

எழுதிக் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது, ஏனென்றால் சிப்பாய்களில் பெரும்பாலானோருக்கு எழுத்து வராது. சிப்பாய் வாயால் சொல்ல, இன்னொருவன் எழுதுவான். படைப்பிரிவின் அதிகாரி பார்ப்பார். பிறகு இந்தியத் தபாலுக்கென்று இயங்கிய தணிக்கை அலுவலகம். பிரான்சின் பூலோன் நகரில் ஈவ்லின் ஹோவெல் என்ற அதிகாரி அதை நடத்தினார். அதற்குப் பிறகு கப்பல், ஊர்த் தபால். ஊரிலும் வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாசித்துச் சொன்னால்தான் மனைவிக்கு விளங்கும். மாமனும் அயலும் கேட்டுக்கொண்டிருக்க, கணவன் அவளிடம் எதைச் சொல்லியிருப்பான்? மாடு, கடன், வயல், பிள்ளையின் சுகம். அன்பில்லாத கடிதம் என்று இதை ஒதுக்குவது பெரிய அநியாயம். அத்தனை காதுகளுக்கு நடுவில் அன்பு மாட்டைப் பற்றித்தான் பேசும்.

சொல்ல முடியாததை மறைத்தும் சொன்னார்கள். கறுப்பு மிளகு தீர்ந்துபோகிறது, இப்போது சிவப்பு மிளகைப் பாவிக்கிறார்கள் என்று ஒருவர் எழுதினார். கறுப்பு இந்தியர், சிவப்பு வெள்ளையர். தணிக்கைக்காரருக்கும் அது விளங்கியது, பதிவும் செய்தார்கள். கடிதங்களில் பெரும்பங்கைப் போகவிட்டுவிட்டு, சில பகுதிகளை மட்டும் ஆங்கிலத்தில் பெயர்த்து அறிக்கையில் சேர்த்தார்கள். அந்த அறிக்கைகள் இன்றும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. மூலக் கடிதங்கள் ஊர்களுக்குப் போய்ப் பெரும்பாலும் அழிந்துவிட்டன. அப்படியானால் நாம் வாசிப்பது தணிக்கையாளர் தன் வேலைக்காகப் பொறுக்கியெடுத்த வரிகளை. ஆட்சிக்கு எதிரான பேச்சும் மனத்தளர்வும் அங்கே தூக்கலாகத் தெரிவதற்கு அது ஒரு காரணம்.

இப்போது எங்கள் வீட்டு ரங்குப்பெட்டிகளைப் பற்றி. அவற்றுக்குள் இருக்கும் கடிதங்கள் மூலங்கள், பிரதிகள் அல்ல. தயவுசெய்து லமினேட் செய்யாதீர்கள். சூடும் பசையும் தாளைக் கெடுக்கும், பிறகு பிரித்தெடுக்க முடியாது. செலோடேப் சில வருடத்தில் மஞ்சளாகி எழுத்தையும் கறையாக்கும். இறுக மூடிய பொலித்தீன் பை மாரியில் ஈரத்தை உள்ளே பிடித்துப் பூஞ்சணம் வைக்கும். ஈரமான தாளை வெயிலில் போடாமல், இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து நிழலில் உலர்த்துங்கள், தேய்க்க வேண்டாம். நனைந்தால் ஊதாவாகும் பழைய பென்சில் எழுத்து என்றால் ஒரு துளித் தண்ணீரே போதும், கரைந்து பரவிவிடும்.

மடிப்பை விரித்து, இரண்டு பக்கத்தையும் உறையையும் முத்திரையோடு படமெடுங்கள். பெட்டியை நிலத்தில் வைக்காமல், கறையான் ஏறாதபடி சுவரிலிருந்து விலக்கி வையுங்கள். கடிதத்தில் எதுவும் எழுதாமல், தனித்தாளில் பென்சிலால் நான்கு விடயம் குறித்து அதோடு வையுங்கள்: சொன்னவர் யார், எழுதிக் கொடுத்தவர் யார், எந்த வழியாக வந்தது, வீட்டில் வாசித்துக் காட்டியவர் யார். கடைசி இரண்டும் வயதானவர்களுக்கு மட்டுமே தெரியும். இந்த வாரமே கேளுங்கள்.