அம்மாவின் பெயர் எந்தப் பத்திரத்தில் எப்படி இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போவதற்கு விசா எடுப்பது பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சிறிய பயண அலுவலகம் ஒன்றை நடத்துகிறேன். எங்களிடம் வருகிறவர்களில் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் குறைவு. மகளுக்குப் பிரசவம், தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம், பேத்தியின் முதல் பிறந்தநாள் என்று போகிறவர்களே அதிகம்.

பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் வேலை. மலேசியக் கடப்பிதழுக்கு வெளியே நல்ல மரியாதை உண்டு. பிரிட்டனுக்கு ஆறு மாதம் வரை போய் வர நமக்கு விசா வேண்டியதில்லை. ஆனால் 2025 ஜனவரி 8 முதல் மின்னியல் பயண அனுமதி வாங்காமல் விமானம் ஏற முடியாது. ஆஸ்திரேலியாவுக்கும் கைப்பேசிச் செயலியிலேயே அனுமதி எடுத்துவிடலாம். சேவைக் கட்டணம் 20 ஆஸ்திரேலிய டாலர், ஒவ்வொரு முறையும் மூன்று மாதம் வரை தங்கலாம். இந்தியாவுக்கு மின்விசா இருக்கிறது. அதிகாரப்பூர்வத் தளத்தின் பெயர் 'ஜிஓவி டாட் ஐஎன்' என்று முடியும். அதே சாயலில் இன்னும் பல தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும். அவை கூடுதலாகப் பணம் பிடுங்குபவை. பார்த்துச் செய்யுங்கள்.

உண்மையான விசா என்றால் அமெரிக்காவும் கனடாவும்தான். அங்கே போக வேண்டியவர்களுக்கே இன்றைய பேச்சில் பெரும்பகுதி.

பணம் போதாமல் விசா மறுக்கப்படும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். எங்கள் கடையில் நான் முதலில் கேட்பது பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தை. இவர் என் பிள்ளை என்று காட்ட அதுதான் சான்று. அதில் அம்மாவின் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பேன். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக் காரணம் சொல்லவே வேண்டாம். தோட்டத்து எழுத்தரான கிராணியார் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஒன்று, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுதிய பெயர் ஒன்று, அடையாள அட்டையில் ஏறிய பெயர் ஒன்று. பத்திரத்தில் லெட்சுமி, அட்டையில் லச்சுமி. நமக்கு இரண்டும் ஒன்றுதான். கனடாவின் ஒட்டாவாவில் உட்கார்ந்து கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு இருவர். பிள்ளையின் பத்திரத்தில் இருப்பது 1990க்கு முந்தைய பழைய அடையாள எண் என்றால், இப்போதைய பன்னிரண்டு இலக்க எண்ணோடும் அது பொருந்தாது.

இதற்கு வழி இருக்கிறது. இரண்டு பெயரும் இரண்டு எண்ணும் ஒரே ஆளுக்கு உரியவை என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் சட்டபூர்வ உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டு, பத்திரத்தோடு இணைக்க வேண்டும். ஒரு நாள் வேலைதான். மலாயில் உள்ள பத்திரங்களுக்குச் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். வங்சா மாஜுவில் உள்ள மலேசிய மொழிபெயர்ப்பு, நூல் நிறுவனத்தில் செய்து தருகிறார்கள். மகனே மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்து அனுப்பியது செல்லாது. அவன் எவ்வளவு படித்திருந்தாலும் சரி.

அப்பாவும் அம்மாவும் சேர்ந்து போகும்போது இன்னொரு முடிச்சு விழும். திருமணச் சான்றிதழ் எங்கே என்று கேட்டால், மாரியம்மன் கோவிலில் தாலி கட்டியதற்கு ஏது சான்றிதழ் என்பார்கள். திருமண, மணவிலக்குச் சட்டம் 1976இல் நிறைவேறி, 1982 மார்ச் 1இல்தான் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் நம் வழக்கப்படி முறையாக நடந்த திருமணங்களை அந்தச் சட்டமே பதிவானதாகக் கருதுகிறது. கையில் தாள் வேண்டுமென்றால் இப்போதும் தேசியப் பதிவிலாகாவில் விண்ணப்பித்துப் பதிந்துகொள்ளலாம். எழுபது வயதில் ஜோடியாகப் போய்க் கையெழுத்திட வெட்கப்படுகிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெயரைப் படிவத்தில் நிரப்புவதும் லேசானதல்ல. நம் பெயர்களில் அப்பா பெயருக்கு முன்னால், மகன், மகள் என்பதற்கு வரும் ஏ/எல், ஏ/பி என்பதில் உள்ள சாய்கோட்டைப் பல இணையப் படிவங்கள் ஏற்பதில்லை. குடும்பப் பெயர் என்ற கட்டமோ நம்மிடம் இல்லாத ஒன்றைக் கேட்கிறது. கடப்பிதழின் படப் பக்கத்தில் அடியில் இருக்கும் இரண்டு வரி இயந்திர எழுத்தைப் பாருங்கள். அதை ஒட்டி ஒரு முறையை வைத்துக்கொண்டு, விசா படிவத்திலும் விமான டிக்கெட்டிலும் அதையே எழுதுங்கள்.

இனி, போகும் காரணம். மகளைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லாதீர்கள், நயாகரா பார்க்கப் போகிறேன் என்று சொல்லுங்கள் என்று சில ஏஜெண்டுகள் கற்றுக்கொடுக்கிறார்கள். எனக்கு இதைக் கேட்டாலே கோபம் வரும். பிள்ளைகள் அங்கே இருக்கிறார்களா என்று படிவமே கேட்கிறது. படிவத்தில் ஒன்று, வாயில் ஒன்று என்று வந்தால், பொய் சொன்னவர் என்ற முத்திரைதான் மிஞ்சும். மகளைப் பார்க்கப் போவது நியாயமான காரணம். அதை அப்படியே சொல்லலாம்.

அமெரிக்க அதிகாரிக்கு வேறு கணக்கு இருக்கிறது. சுற்றுலா விசா கேட்கும் எவரும் அங்கேயே குடியேறிவிடுவார் என்று கருதித்தான் விசாரிக்க வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். திரும்பி வருவேன் என்பதை நிறுவ வேண்டியது விண்ணப்பிப்பவர். மகன் எழுதும் அழைப்புக் கடிதம் அங்கே கட்டாயமே இல்லை. அதிலும் "தனிமையில் வாடும் என் தாயை இனி நான் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுவேன்" என்று மகன் உருகி எழுதினால், அம்மா திரும்பி வரமாட்டார் என்று அவனே சொன்னதாகிவிடும். இங்கே என்ன இருக்கிறது என்று காட்டுங்கள்: ஓய்வூதியம், சேமநிதிக் கணக்கு, வீட்டுப் பத்திரம், கூட இருக்கும் மற்ற பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

பணத்தில் செய்யும் தவறு ஒன்றே ஒன்றுதான். அம்மா கணக்கில் எப்போதும் சில நூறு ரிங்கிட். விண்ணப்பத்துக்கு முதல் வாரம் திடீரென்று இருபதாயிரம். அது யார் பணம் என்று எந்த அதிகாரிக்கும் தெரியும். செலவு மகனுடையது என்றால் மகனுடையது என்றே எழுதி, அவனுடைய சம்பளச் சீட்டை வையுங்கள்.

அமெரிக்க விசாவுக்கான நேர்காணல் கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நடக்கிறது. பினாங்கிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் இங்கேதான் வர வேண்டும். முன்பு 79 வயதைக் கடந்தவர்களுக்கு விலக்கு இருந்தது. 2025 செப்டம்பரிலிருந்து பொதுவாக அவர்களும் நேரில் வர வேண்டியிருக்கிறது. முழங்கால் வலியோடு வரும் பாட்டிகளை நினைத்தால் எனக்கு இது சரியாகப் படவில்லை. விண்ணப்பக் கட்டணம் 185 அமெரிக்க டாலர்; மறுத்தாலும் திரும்பக் கிடைக்காது. கேள்விகள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மனப்பாடம் செய்து ஒப்பிக்காமல், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

கனடாவில் பிள்ளை குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால், பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் சூப்பர் விசா என்று ஒன்று உண்டு. 2022 ஜூலை முதல் ஒரு முறை போனால் ஐந்தாண்டு வரை தங்கலாம். பிள்ளைக்குக் குறிப்பிட்ட வருமானம் வேண்டும். பெற்றோருக்கு ஒரு லட்சம் கனடா டாலருக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். மருத்துவப் பரிசோதனையும் உண்டு. பெயரைக் கேட்டதும் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் முதல் பனிக்காலத்திலேயே எப்போது ஊருக்குத் திரும்பலாம் என்று கேட்கப்போகிறவருக்கு அந்தக் காப்புறுதிச் செலவு எதற்கு? சாதாரண வருகையாளர் விசாவில் பொதுவாக ஆறு மாதம் இருக்கலாம். பிரசவத்துக்குப் போகும் அம்மாவுக்கு அது போதும்.

விசா கைக்கு வரும் முன் டிக்கெட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். மறுத்துவிட்டால், காரணத்தைப் படித்துவிட்டு, ஏதாவது மாறிய பிறகு மறுபடி விண்ணப்பியுங்கள். அதே தாள்களை அடுத்த வாரம் அனுப்பினால் பெரும்பாலும் அதே பதில்தான் வரும். பிறகு எந்த நாட்டுப் படிவமாவது உங்களுக்கு விசா மறுக்கப்பட்டதுண்டா என்று கேட்டால், ஆம் என்றே எழுதுங்கள்.

நன்றி, வணக்கம்.