எட்டு மாதமாகக் காலடி மட்டும்தானா?

சரி, அடுத்த கேள்வி. மண்டபத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். "எட்டு மாதமாகச் சிலம்பம் பழகுகிறேன். ஆசான் இன்னும் காலடியையே போடச் சொல்கிறார். அப்பாவோடு விசைப்படகில் போகிற நாட்களில் வகுப்பும் விட்டுப்போகிறது. எனக்கு ஈடுபாடு போதாதோ? நிறுத்திவிடலாமா?" என்று கேட்கிறார்.

நிறுத்தாதீர்கள் தம்பி. முதலில் காலடியை, அதாவது கம்புக்கு ஏற்றபடி கால் எடுத்து வைக்கும் பயிற்சியைப் பற்றிச் சொல்கிறேன். எனக்குப் பதினேழு வயதில் உங்களைப் போலவே அவசரம். காலடி சரியாக அமையாமலே நெடுங்கம்பை எடுத்து, ஊர்த் திருவிழாவில் படைவீச்சு என்ற கம்பு வீச்சுக்கு நின்றேன். திரும்புகிற இடத்தில் கால் பின்னிக்கொண்டது. கம்பு போக வேண்டிய பக்கம் போகாமல், எதிரில் நின்ற நண்பனின் விரலில் விழுந்து நகம் பெயர்ந்துவிட்டது. அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கும் அந்தக் கையைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. கம்பைச் சுற்றுவது கைதான், ஆனால் அது எங்கே போகும் என்பதைக் கால்தான் முடிவு செய்கிறது. உங்கள் ஆசான் உங்களைத் தாமதப்படுத்தவில்லை, காப்பாற்றுகிறார்.

அப்புறம் கடலுக்குப் போகிற விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் எங்கள் சிலம்பக் களத்தில் கூட்டம் நிறைந்திருக்கும். படகு கிளம்பியதும் பாதிப் பேர் வர மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பிழைப்பு இருக்கிறது. ஆனால் அவர்களிலேயே ஒன்றிரண்டு பேர் ராத்திரி முழுக்கக் கடலில் இருந்துவிட்டு, காலையில் மீனை இறக்கிய கையோடு கம்பை எடுத்துக்கொண்டு வருவார்கள். கண் சிவந்திருக்கும். பத்து நிமிடம் காலடி போட்டுவிட்டுத் தூங்கப் போவார்கள். ஈடுபாடு என்று நான் மதிப்பது அந்தப் பத்து நிமிடத்தைத்தான்.

உங்கள் பக்கம் விசைப்படகு கடலுக்குப் போவது வாரத்தில் மூன்று நாள்தானே? கரையில் இருக்கிற நாட்களில் மணலில் காலடி போடுங்கள். கால் புதையும், கெண்டைக்கால் வலிக்கும். பிறகு கெட்டித் தரையில் போடும்போது வித்தியாசம் தெரியும். ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது கம்பு சுற்றிப் பாருங்கள், காற்று கம்பை இழுக்கும், மணிக்கட்டு தானாக உறுதிப்படும். ஆடுகிற படகில் முழங்காலை இளக்கி நிற்க உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அந்த நிலையை ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகளிடம் கொண்டுவர எனக்கு மாதக்கணக்கில் ஆகிறது.

எட்டு மாதம் என்றதும் வேலு நாச்சியார்தான் நினைவுக்கு வந்தார். நம் ராமநாதபுரத்தில் பிறந்தவர். 1772இல் கணவரையும் சீமையையும் இழந்தார். சிவகங்கையை மீட்டது 1780இல். இடையில் எட்டு ஆண்டு! சிறு வயதில் பழகிய சிலம்பத்தையும் வாளையும் அந்த எட்டு ஆண்டும் அவர் மறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நாளைக்கே ஆசானிடம் போங்கள். எந்தெந்த நாள் கடலுக்குப் போகிறீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். வர முடியாத நாளுக்கு என்ன பழக வேண்டும் என்று கேளுங்கள், அவரே சொல்லிக் கொடுப்பார். இரண்டு மாதம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள் தம்பி.