எஃப்சி சியோல் பிறந்தது 1983-இலா, 2004-இலா?

அடுத்த கேள்வி ஒரு கால்பந்து ரசிகரிடமிருந்து. "இங்கிலாந்து வீரர் லிங்கார்ட் போய்ச் சேர்ந்ததிலிருந்து தென்கொரியாவின் எஃப்சி சியோல் ஆட்டங்களைப் பார்த்து வருகிறேன். கிளப் தொடங்கிய ஆண்டு 1983 என்கிறார்கள். ஆனால் பக்கத்து ஊரான அன்யாங்கின் ரசிகர்களோ, எங்கள் கிளப்பைத்தான் சியோலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று திட்டுகிறார்கள். சியோலின் ஆறு லீக் பட்டங்களில் ஒன்று அன்யாங்கில் ஜெயித்தது என்றும் படித்தேன். எதை நம்புவது?"

இரண்டையும் நம்பலாம். 1983 சரி, ஆறு பட்டங்களும் சியோல் கணக்கில் இருப்பதும் சரி. அன்யாங்காரர்களின் கோபமும் நியாயமானதே. எப்படி என்று சொல்கிறேன்.

கொரியாவில் தொழில்முறை லீக் தொடங்கியதே 1983-இல்தான். அன்றைக்குப் பெரும்பாலும் கம்பெனிகள்தான் அணி வைத்திருந்தன. ஊர் என்பது பெயரளவுக்குத்தான். அணிகள் ஊர் ஊராகப் போய் ஆடிவிட்டு வந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் லக்கி கோல்ட்ஸ்டார் குழுமம், அதாவது இன்றைய எல்ஜி, ஓர் அணியைத் தொடங்கியது. 1984-இல் லீக்கில் சேர்ந்தார்கள். சொந்த மண் என்று அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது சுங்சியோங் பகுதி. சியோலும் இல்லை, அன்யாங்கும் இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1985-இல் முதல் பட்டம். அதில் முக்கியப் பங்கு தாய்லாந்துக்காரர் பியபோங் புயோனுக்கு. அந்த சீசனில் 12 கோல், அதிக கோல் அடித்தவர் அவர்தான். அதிக கோலுக்கு வழி செய்துகொடுத்தவரும் அவர்தான். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து போன ஒருவர் கொரியாவில் இப்படி ஆடினார் என்பது நம் பக்கத்தில் நிறைய பேருக்குத் தெரியாது. தனி வீடியோவே போடலாம்.

அதன் பிறகு அணி சியோலுக்கு வந்தது. 1990-இல் இரண்டாவது பட்டம். தோங்தேமுன் மைதானத்தை எல்ஜி, இல்வா, யூகோங் ஆகிய மூன்று அணிகள் பகிர்ந்துகொண்டன. தலைநகரில் மட்டும் மூன்று அணி, மற்ற பெரிய ஊர்கள் பலவற்றில் ஒன்றுகூட இல்லை. 2002 உலகக் கோப்பையை நடத்த முயன்றுகொண்டிருந்த நேரம் அது. கால்பந்து நாடு முழுக்கப் பரவ வேண்டும் என்று லீக் முடிவு செய்தது. 1996-இல் மூன்று அணிகளையும் சியோலை விட்டு வெளியே அனுப்பினார்கள். யூகோங் புச்சியோனுக்கும், இல்வா சியோனானுக்கும் போயின. எல்ஜிக்குக் கிடைத்தது சியோலுக்குத் தெற்கே மெட்ரோ ரயிலிலேயே போய்விடக்கூடிய அன்யாங்.

இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. அன்யாங் எல்ஜி சீட்டாஸ் என்ற பெயரில் எட்டு சீசன். அந்த எட்டு வருடத்தில் அன்யாங்கில் அருமையான ரசிகர் கூட்டம் உருவானது. 'ரெட்' என்று பெயர். சிவப்புச் சட்டை, தீப்பந்தம், ஆட்டம் முழுக்கப் பாட்டு. பக்கத்து ஊர் சூவோன் சாம்சங் அணியோடு ஆகவே ஆகாது. கம்பெனிகளும் எல்ஜி, சாம்சங் அல்லவா, கேட்க வேண்டுமா! எல்ஜியிலிருந்து பிரான்ஸ் போன சியோ ஜுங் வோன் 1999-இல் திரும்பியபோது சூவோனில் சேர்ந்தார். அன்யாங் ரசிகர்கள் அவர் சட்டையைக் கொளுத்தினார்கள். கொளுத்தியது சரியென்று சொல்லவில்லை. ஆனால் அணியை எந்த அளவுக்குத் தங்களுடையது என்று நினைத்தார்கள் என்பது புரியும்.

வெற்றியும் வந்தது. 1998-இல் நாக்அவுட் போட்டியான கொரிய எஃப்ஏ கோப்பை. 2000-இல் சோ குவாங் ரே பயிற்சியில் லீக் பட்டம். நீங்கள் படித்த அந்தப் பட்டம் இதுதான். அந்த ஆண்டின் சிறந்த வீரர் சோய் யோங் சூ. 2002-இல் ஆசிய கிளப் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம் வரை போய், டெஹ்ரானில் பெனால்டியில் தோற்றார்கள். தோற்றது யாரிடம்? அதே சூவோனிடம்.

சரி, உலகக் கோப்பை முடிந்தது. சியோலில் 60,000-க்கு மேல் உட்காரக்கூடிய உலகக் கோப்பை மைதானம் சும்மா கிடந்தது. தலைநகரில் முதல் டிவிஷன் அணியே இல்லை. 2004 பிப்ரவரி 2 அன்று, அன்யாங்கை விட்டுவிட்டு அங்கே போகிறோம் என்று எல்ஜி அறிவித்தது. எஃப்சி சியோல் என்ற பெயர் அப்போது வந்ததுதான். எல்ஜி குழுமம் பிரிந்தபோது அணி ஜிஎஸ் என்ற புதுக் குழுமத்தின் பக்கம் போனது.

சியோல் தரப்பு சொல்வது: நாங்கள் அன்யாங்கை விட்டு ஓடவில்லை, 1996-இல் எங்களை வெளியே தள்ளினார்கள், வீட்டுக்குத் திரும்பி வந்தோம். பாதி உண்மை. தள்ளியது உண்மைதான். ஆனால் முதல் வீடு சுங்சியோங் என்று சொன்னேனே? அந்த வீட்டுக்கு யாரும் திரும்பவில்லை. காலியாக இருந்த பெரிய மைதானமும் தலைநகர்ச் சந்தையும்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். எட்டு வருடம் தொண்டை கிழியக் கத்தியவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆனாலும் கிளப் என்ற அமைப்பு ஒன்றுதான், அறுபடவில்லை. வீரர்கள், ஒப்பந்தங்கள், நிர்வாகம் எல்லாம் தொடர்ந்தன. 2000-இல் அன்யாங்கில் ஜெயித்த அதே சோய் யோங் சூதான் 2012-இல் சியோல் பட்டம் வென்றபோது பயிற்சியாளர். அதனால் 1985, 1990, 2000, 2010, 2012, 2016 ஆகிய ஆறையும் லீக் ஒரே வரிசையில் வைக்கிறது. எஃப்சி அன்யாங்கும் அந்த 2000 பட்டத்தைத் தன் சாதனைப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

ஏனென்றால் இன்றைய எஃப்சி அன்யாங் வேறு கிளப். அணி போன பிறகும் ரெட் ரசிகர்கள் கலையவில்லை. ஊருக்கு ஓர் அணி வேண்டும் என்று வருடக்கணக்கில் நகராட்சியை நச்சரித்தார்கள். கடைசியில் 2013 பிப்ரவரி 2 அன்று நகராட்சி ஆதரவில் புது அணி பிறந்தது. தேதியைக் கவனித்தீர்களா? அதே பிப்ரவரி 2. நிறம் ஊதா, அன்யாங் திராட்சைக்குப் பேர்போன ஊர். புச்சியோனிலும் இதே கதைதான். 2006-இல் அணியை ஜேஜு தீவுக்குக் கொண்டுபோனார்கள், ரசிகர்கள் 2007-இல் சொந்த கிளப்பே தொடங்கிவிட்டார்கள்.

அன்யாங் 11 சீசன் இரண்டாம் டிவிஷனிலேயே கிடந்தது. 2017 எஃப்ஏ கோப்பையில் ஒரு முறை சியோலைச் சந்தித்து 0-2 என்று தோற்றார்கள். 2024-இல், தங்களுடைய 12-ஆவது சீசனில், யூ பியொங் ஹூன் பயிற்சியில் இரண்டாம் டிவிஷன் பட்டம் வென்று மேலே வந்தார்கள். 2025 சீசன் தொடங்கும் முன்பே செய்தியாளர்கள் முன்னால் அவர் அந்த இரண்டு பிப்ரவரி தேதிகளையும் சொல்லிக்காட்டினார். பிப்ரவரியில் சியோலில் நடந்த ஆட்டத்துக்கு 40,000-க்கு மேல் கூட்டம். லிங்கார்டும் ஒரு கோல் அடிக்க, சியோல் 2-1 என்று ஜெயித்தது. மே மாதம் அன்யாங்கில் 1-1. ஆகஸ்ட் கடைசியில் மறுபடி சியோலுக்குப் போன அன்யாங், அதே உலகக் கோப்பை மைதானத்தில் 2-1 என்று ஜெயித்தது. அன்யாங்கின் மோட்டாதான் வெற்றி கோல் அடித்தார். நேரம் கிடைத்தால் அந்த ஆட்டத்தின் சுருக்க வீடியோவைத் தேடிப் பாருங்கள், ஊதாச் சட்டைக்காரர்கள் பக்கம் கேமரா திரும்பும்போது கொஞ்சம் சத்தத்தைக் கூட்டி வையுங்கள். சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.