மாத்திரைப் புட்டியும் தில்லிக் காற்றும்

அவைக்கு வணக்கம். கரோல் பாகிலிருந்தும் மயூர் விஹாரிலிருந்தும் இந்தக் குளிரிலும் வந்திருக்கிறீர்கள். சற்று முன் வாசலில் ஒரு மாமி கைப்பையிலிருந்து புட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். பெரிய எழுத்தில் 'ஆன்டிஆக்சிடன்ட்', அதாவது ஆக்சிஜனால் செல்களுக்கு வரும் சேதத்தைத் தடுக்கும் பொருள்; கீழே பொடி எழுத்தில் வைட்டமின் சி, இ. அவருக்குச் சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, தினமும் நடக்கிறார். "மூப்பு தள்ளிப்போகும் என்கிறார்களே, சாப்பிடட்டுமா?" என்றார். வேண்டாம் மாமி. ஏன் என்று சொல்கிறேன்.

மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனைக் கொண்டு செல்களில் உள்ள மைட்டோகாண்ட்ரியா சக்தி தயாரிக்கிறது. அப்போது ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற, எதனோடும் சட்டென்று வினைபுரியும் மூலக்கூறுகளும் பிறக்கின்றன. கொழுப்பு, புரதம், டிஎன்ஏ எதையும் அவை விட்டுவைப்பதில்லை. உடலின் தற்காப்பை மீறி அவை பெருகுவதே ஆக்சிஜனேற்ற அழுத்தம். இந்தச் சேதம் சேரச் சேர மூப்பு வருகிறது என்று 1956இல் அமெரிக்க விஞ்ஞானி டென்ஹாம் ஹார்மன் எழுதினார்.

நோயற்றவர்களையும் இது விடுவதில்லை. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் டீன் ஜோன்ஸ் குழுவினர் ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தை ஆராய்ந்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். ரத்தத்தில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் ஆக்சிஜனேற்றம் இளமையிலிருந்தே சீராக ஏறிக்கொண்டு வருகிறது. உடலின் முக்கியக் காவலாகிய குளுட்டாதயோனோ ஏறக்குறைய 45 வயது வரை நிலைமாறாமல் தாக்குப்பிடிக்கிறது. அதன் பிறகுதான் தளர்கிறது.

காவல் தளர்ந்தால் கடையில் வாங்கி நிரப்பலாமே என்று தோன்றும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது என்று 1994இல் தெரிந்தது. குறையும் என்று நம்பித் தொடங்கிய சோதனை அது! புகைப்பவர்கள் கதை நமக்கெதற்கு என்பீர்கள். சரி, 2009இல் ஜெர்மனியில் மிக்கேல் ரிஸ்டோ குழுவினர் ஆரோக்கியமான இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்யவைத்தார்கள். வெறும் பயிற்சி செய்தவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்தது. கூடவே வைட்டமின் சி, இ மாத்திரை எடுத்தவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. பயிற்சியில் பிறக்கும் ஃப்ரீ ராடிக்கல்தான் சொந்தக் காவலைப் பலப்படுத்தச் சொல்லி உடலுக்குத் தகவல் தருகிறது. மாத்திரை அதன் வாயை அடைத்துவிடுகிறது. குறைபாடு கண்டு மருத்துவர் எழுதித் தரும் வைட்டமின் வேறு, அதை நிறுத்தாதீர்கள்.

நாம் உண்மையில் அஞ்ச வேண்டியது இந்த ஊர்க் காற்றுக்கு. பிஎம் 2.5 நுண்துகள் நுரையீரலின் ஆழம் வரை போய் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை ஏற்றுகிறது. அதன் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமுக்கு மிகக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்; நம் நாடு வைத்திருக்கும் வரம்போ 40. தில்லி அதையும் தாண்டி நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. நவம்பர், டிசம்பரில் விடியற்காலை நடையை விட்டுவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு, காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்துவிட்டு வெளியே கிளம்புங்கள். மோசமான நாளில் வீட்டுக்குள்ளேயே நடக்கலாம். மாத்திரைக்குக் கொடுக்கும் பணத்தில் நெல்லிக்காயும் கீரையும் வாங்குங்கள்.