ஒரே மரகதத்த எத்தனை தடவைதான் திருடுறது?

வணக்கம் மக்களே. முந்தாநாள் ராத்திரி ஒரு புக்கு முடிச்சேன், இன்னும் அதுல இருந்து வெளிய வரல, அதான் உடனே கேமராவ ஆன் பண்ணிட்டேன். டொனால்ட் வெஸ்ட்லேக் எழுதின தி ஹாட் ராக். 1970ல வந்தது. இதை வச்சு 1972ல ராபர்ட் ரெட்ஃபோர்ட் நடிச்ச படமும் இருக்கு, ஆனா நான் பேசப்போறது புக்க பத்தி மட்டும்தான்.

கதை என்னன்னா, டார்ட்மண்டர்னு ஒருத்தர், திருட்டுக்கு பிளான் போடுறதுல மூளைக்காரர், அப்பதான் ஜெயில்ல இருந்து வெளிய வர்றார். நியூயார்க்ல ஒரு எக்ஸிபிஷன்ல ஒரு மரகதம் வச்சிருக்காங்க, அதுக்கு ரெண்டு ஆப்பிரிக்க நாடு சொந்தம் கொண்டாடுது, ரெண்டுமே கற்பனை நாடுதான், அதுல ஒரு நாட்டு தூதர் மேஜர் ஐக்கோ வந்து, அந்த கல்ல எடுத்துக் குடுங்கன்னு கேக்குறார். இவரும் ஆள் சேத்து போறார். கல்லு கைக்கு வந்துடுது. ஆனா வெளிய வர்றதுக்குள்ள கூட்டாளி ஒருத்தன் மாட்டிக்கிறான், மாட்டுறதுக்கு முன்னாடி கல்ல முழுங்கிடுறான்!

சரி, இங்க இருந்து ஸ்பாய்லர் இருக்கு, புக்க படிக்கணும்னு நினைக்கிறவங்க கொஞ்சம் தள்ளி விட்டு பாருங்க. அவனை ஜெயில்ல இருந்து வெளிய கொண்டு வந்தா, கல்ல போலீஸ் ஸ்டேஷன்லயே ஒளிச்சு வச்சுட்டேன்ங்கிறான். அதனால ஹெலிகாப்டர்ல போய் போலீஸ் ஸ்டேஷன் மொட்டமாடியில இறங்குறாங்க. அங்கயும் கல்லு இல்ல. அது இன்னொருத்தர் கைக்கு போயிடுச்சு, அந்த ஆள் ஒரு மனநல ஆஸ்பத்திரிக்குள்ள உக்காந்திருக்கார், அவர தூக்க ரயில் இன்ஜின எடுத்துட்டு போறாங்க. நிஜமாவே ரயில் இன்ஜின்ங்க.

இது நடக்குமா? நடக்காது. முதல் திருட்டு வரைக்கும் பரவால்ல, ஹெலிகாப்டர் வந்த இடத்துல புக்க கீழ வச்சுட்டு கொஞ்ச நேரம் யோசிச்சேன், ஒரு ஊரோட போலீஸ் இவ்வளவு அசால்ட்டாவா இருக்கும்னு. ஆனா அடுத்த சாப்டர நான்தான எடுத்து படிச்சேன், யாரும் கட்டாயப்படுத்தல. ஏன் எடுத்தேன்னு யோசிச்சப்ப புரிஞ்சது, சம்பவம்தான் நம்ப முடியாத மாதிரி இருக்கே தவிர மனுஷங்க அப்படி இல்ல. மர்ச்னு ஒரு டிரைவர், எங்க வந்தாலும் முதல்ல எந்த ரோட்டுல வந்தேன், எங்க டிராஃபிக், எங்க திரும்பினேன்னு முழுசா சொல்லிட்டுதான் உக்காருவார். அந்த மாதிரி ஆள் நம்ம எல்லார் வீட்டுலயும் ஒருத்தர் இருப்பாங்க. செஃப்விக்னு பூட்டு திறக்கிறவர், அவருக்கு உயிரு பொம்ம ரயில்தான், இப்ப அவர் கையில நிஜ இன்ஜின் கிடைக்குதுன்னா அவர் முகம் எப்படி இருக்கும்னு பாருங்க, நான் அந்த பக்கத்த ரெண்டு தடவ படிச்சேன்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப பிடிச்சது. ஒவ்வொரு தடவையும் டார்ட்மண்டர் என்னென்ன வேணும்னு மேஜர்கிட்ட ஒரு லிஸ்ட் குடுப்பார். முதல்ல சாதாரண சாமான், போகப்போக ஹெலிகாப்டர், இன்ஜின்னு போகும், மேஜர் பாவம் செலவ நினைச்சு வயிறு எரிஞ்சுக்கிட்டே வாங்கிக் குடுப்பார். அதாவது நமக்கு வர்ற அதே சந்தேகம் கதைக்குள்ளயே ஒருத்தருக்கு வருது, என்னப்பா இது நியாயமான்னு அவரே கேக்குறார், அதுக்கப்புறம் நாம தனியா கேக்க வேண்டியதில்ல பாருங்க.

தேவனோட துப்பறியும் சாம்பு படிச்சவங்களுக்கு இந்த ருசி புதுசு இல்ல. சாம்பு எதையோ நினைச்சு எதையோ பண்ணுவார், கேஸ் தானா முடிஞ்சிடும், இன்ஸ்பெக்டர் கோபாலன் அசந்து போய் நிப்பார். அங்க மூளை கம்மி, அதிர்ஷ்டம் ஜாஸ்தி. டார்ட்மண்டர் அப்படியே உல்டா, பிளான் பக்கா, அதிர்ஷ்டம்தான் ஒவ்வொரு தடவையும் காலை வாருது. தற்செயலா நடக்கிற விஷயம் ஹீரோவ காப்பாத்தினா எனக்கு எரிச்சல் வரும், ஆனா அதுவே அவர மாட்டி விட்டா அட பாவமேன்னு கூடவே போயிடுறேன்.

குறையே இல்லையான்னா இருக்கு. கடைசியில கல்லு இருக்கிற பேங்க் லாக்கருக்காக ஹிப்னாடிசம் பண்றது ஒண்ணு வருது, அது எனக்கு ஒட்டல, மத்த இடத்துல எல்லாம் இவங்க வேர்வை சிந்தி வேலை பாக்குறாங்க, இங்க மட்டும் மந்திரம் போட்ட மாதிரி காரியம் முடியுது. பொம்பளைங்களும் ரொம்ப கம்மி, டாக்ஸி ஓட்டுற மர்ச்சோட அம்மா வந்தா மட்டும் சீன் களை கட்டுது, அவங்க இன்னும் நாலு இடத்துல வந்திருக்கலாம்.

வெஸ்ட்லேக் இத முதல்ல பார்க்கர்ங்கிற இன்னொரு ஹீரோவுக்காகத்தான் யோசிச்சாராம். பார்க்கர் சிரிக்கவே மாட்டார், இரக்கம் பாக்க மாட்டார், அந்த கதையெல்லாம் ரிச்சர்ட் ஸ்டார்க்ங்கிற புனைபெயர்ல எழுதினது. ஆனா ஒரே பொருள திரும்பத் திரும்ப திருடணும்னதும் அது காமெடியாவே வந்து நின்னிருக்கு, பார்க்கருக்கு அது செட் ஆகாதுன்னு டார்ட்மண்டர உருவாக்கி இருக்கார். அதுக்கப்புறம் 2009ல வந்த கடைசி நாவல் வரைக்கும் இவர வச்சு பதினாலு நாவல்.

அதுல ரெண்டாவது நாவல் பேர் பேங்க் ஷாட், 1972. ஒரு பேங்க்கு, புது கட்டடம் கட்டி முடிக்கிற வரைக்கும், சக்கரம் வச்ச வீட்டுக்குள்ள நடக்குதாம். எதுக்கு பூட்ட உடைக்கணும், பேங்கையே இழுத்துட்டு போயிடலாம்னு இவங்க கிளம்புறாங்களாம். இன்னிக்கு ராத்திரி அத ஆரம்பிக்கிறேன், யாராவது படிச்சிருந்தா முடிவ மட்டும் சொல்லிடாதீங்க.