முதல் ஆல்பத்துக்கு எத்தனை மார்க்?

அவையோருக்கு வணக்கம்.

ஓர் இளம் இண்டி ராக் குழுவின், அதாவது பெரிய இசை நிறுவனங்களைச் சாராத ராக் குழுவின், முதல் ஆல்பம் வெளியாகிறது. ஒரே வாரத்தில் பத்துப் பதினைந்து விமர்சனங்கள் வந்து விழுகின்றன. ஒருவர் பத்துக்கு எட்டு போடுகிறார், இன்னொருவர் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். குழுவினரின் கண் முதலில் போவது அந்த எண்ணுக்குத்தான். வாசகர்களின் கண்ணும் அங்கேதான் போகிறது. எண்ணை ஓரமாக வையுங்கள், பாட்டுக்குள் விரல் வைத்துக் காட்டும் வாக்கியங்கள் எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள் என்பதைச் சொல்லத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

மெட்டாகிரிட்டிக் தளத்தையே எடுத்துக்கொள்வோம். பல இதழ்களின் மதிப்பெண்களை நூற்றுக்கு மாற்றிச் சராசரி எடுக்கிறது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் என்பது அங்கே 60 ஆகிவிடும். அதன் கணக்குப்படி 61 முதல் பாராட்டு. 60 என்றால் கலவையான வரவேற்பு. 'நல்ல ஆல்பம், கேளுங்கள்' என்று மனமார எழுதி மூன்று நட்சத்திரம் போட்டவரின் கருத்து, மாற்றுகிற இடத்திலேயே நிறம் மாறிப்போகிறது.

அவசரம் எண்ணை இன்னும் கெடுக்கும். அமெரிக்காவின் ஜாக்சன்வில் நகரத்து பிளாக் கிட்ஸ் குழு 2007-ல் நாலே பாட்டு கொண்ட ஈ.பி. எனும் குறு ஆல்பம் ஒன்றை இணையத்தில் இலவசமாகக் கொடுத்தது. பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளம் அதற்குப் பத்துக்கு 8.4 போட்டுக் கொண்டாடியது. மறு ஆண்டு முதல் முழு ஆல்பம் வந்தது. அந்த நாலு பாட்டும் மறுபதிவாக அதிலும் இருந்தன. அதே பிட்ச்ஃபோர்க் கொடுத்தது 3.3. விமர்சனம் என்று எழுதியது 'சாரி' என்ற ஒற்றைச் சொல்லும், பக்கத்தில் இரண்டு நாய்களின் படமும்தான். மறுபதிவில் என்ன கெட்டது? குரலா, தயாரிப்பா, புதிதாகச் சேர்ந்த பாட்டுகளா? அந்தக் குழு கற்றுக்கொள்ள அதில் ஒரு வரிகூட இல்லை. இது எனக்கு இன்றும் ஆறாத கோபம். கடுமையாக எழுதலாம், தப்பில்லை. காரணம் சொல்லாமல் விடுவதுதான் தப்பு.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2006 ஜனவரியில் ஆர்க்டிக் மங்கீஸ் குழுவின் முதல் ஆல்பம் பிரிட்டனில் முதல் வாரத்திலேயே 3,60,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. அதே வேளையில் பிரிட்டனின் என்எம்இ இசை இதழ் வெளியிட்ட தலைசிறந்த பிரிட்டிஷ் ஆல்பங்களின் பட்டியலில் அதற்கு ஐந்தாம் இடம். முதலிடம் பெற்றது ஸ்டோன் ரோசஸ் குழுவின் 1989-ஆம் ஆண்டு முதல் ஆல்பம். ஒன்று பதினேழு ஆண்டுகள் கேட்கப்பட்டு அங்கே வந்து சேர்ந்தது, மற்றது மை காய்வதற்குள் வந்துவிட்டது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தினால் எண்ணுக்கு என்ன பொருள்?

முதல் ஆல்பத்துக்கென்றே சில கோளாறுகள் உண்டு. அதிலுள்ள பாட்டுகள் நாலைந்து வருடங்களில் சேர்ந்தவை. பள்ளி நாட்களில் எழுதியதும் போன மாதம் எழுதியதும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும். ஒன்பது நல்ல பாட்டு கையில் இருக்கும்போது பன்னிரண்டாக நிரப்பிவிடுவார்கள். ஏழாவது பாட்டுக்கு மேல் தொய்வு தட்டும். மேடையில் வேகமாக வாசித்துப் பழகிய பாட்டு ஸ்டுடியோவில் தாளம் தட்டும் மெட்ரோனோம் வைத்ததும் உயிர் குறைந்து ஒலிக்கும். மிக்ஸ் செய்யும்போது, அதாவது குரலையும் கருவிகளையும் அளவு பார்த்துக் கலக்கும்போது, கிட்டார்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கிட்டாரை ஏற்ற, பேஸ் கிட்டார்காரர் பேஸை ஏற்ற, குரல் அடியில் புதைந்துவிடும். கடைசியில் மாஸ்டரிங் என்ற இறுதி மெருகேற்றலில், மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைத்து, சத்தத்தைப் பிழிந்து ஏற்றுவார்கள். ஸ்பாட்டிஃபை வழக்கமாக எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ −14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன்செய்வதால், பிழிந்த ஆல்பத்தின் ஒலி இறக்கப்படும். டிரம்ஸின் அடி மட்டும் தட்டையாகவே நிற்கும். 'சோர்வான ஆல்பம்' என்று எழுதப்படும் விமர்சனங்களுக்குப் பின்னால் இதுவும் இருக்கலாம்.

ஆனால் கரடுமுரடான ஒலியெல்லாம் கோளாறு ஆகாது. 2001-ல் ஸ்ட்ரோக்ஸ் குழு முதல் ஆல்பத்தைப் பதிவுசெய்தபோது பாடகரின் குரலைச் சிறிய பயிற்சி ஆம்ப்ளிஃபயர் வழியாக அனுப்பினார்கள். பழைய டெலிபோனில் கேட்பதுபோல் ஓரம் தேய்ந்த குரல். தயாரிப்பாளர் கார்டன் ரஃபேலும் குழுவும் தெரிந்தே செய்தது அது. பதினொரு பாட்டு, சுமார் 36 நிமிடம், அதற்கு மேல் இழுக்கவில்லை. குரல் தெளிவில்லை என்று குறை சொல்ல வருபவர், அந்தத் தெளிவின்மை பாட்டுக்கு வேலை செய்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும்.

எழுதுகிறவர்கள் குறைந்தது நாலு முறை கேளுங்கள். முதல் முறை குறிப்பு எடுக்காமல், வரிசை மாற்றாமல். இரண்டாவது முறை ஹெட்போனில், கையில் பாடல் வரிகளோடு. எந்த நிமிடத்தில் எது நடக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது முறை ஸ்பீக்கரில், சத்தம் குறைத்து. அப்போதும் குரலும் ஸ்னேர் டிரம்மும் கேட்டால் மிக்ஸ் நிற்கிறது. ஒரு வாரம் விட்டு நாலாவது. வேறோர் ஆல்பத்தோடு ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக வையுங்கள். கொஞ்சம் சத்தம் கூடினாலே காது அதைத்தான் நல்லது என்று சொல்லும். 'இவர்கள் அந்தக் குழு மாதிரி' என்று எழுத நேர்ந்தால், எது மாதிரி என்பதையும் சொல்லுங்கள்: கிட்டாரின் தொனியா, டிரம்ஸின் நடையா, சொல்லை இழுக்கும் விதமா?

குழுவினருக்கு. எல்லா விமர்சனங்களையும் எடுத்துவைத்துப் பாட்டுவாரியாக ஒரு தாளில் பிரித்தெழுதுங்கள். பாராட்டோ திட்டோ, இடம் சுட்டாத வாக்கியத்தை அடித்துவிடுங்கள். மூன்று பேர் தனித்தனியாக ஒரே பாட்டின் ஒரே பகுதியைச் சுட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது. ஒருவர் மட்டும் சொன்னால் அது அவர் ரசனையாகவும் இருக்கலாம். மூன்று பேரும் நீளம் என்று சொன்ன பாட்டை அடுத்த கச்சேரியில் ஒரு நிமிடம் குறைத்து வாசியுங்கள். கூட்டம் எந்த இடத்தில் தங்களுக்குள் பேச ஆரம்பிக்கிறது என்பதை டிரம்ஸ் வாசிப்பவர் பார்த்துக்கொள்ளட்டும்.